தனியார் இராக்கெட்டும் தமிழ்நாடும்

முன்னுரை

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் இராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் சோயுஸ் கலத்தில் விண்வெளிக்குச் சென்றார். அது இரு அரசுகளின் நட்புறவால் நிகழ்ந்த பயணம். 41 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 25-இல் சுபான்ஷு சுக்லா சென்ற கலமோ ஸ்பேஸ்எக்ஸ் என்னும் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் படைப்பு. பயணத்தை ஏற்பாடு செய்த ஆக்சியம் நிறுவனமும் தனியாருடையதே. அதற்குரிய கட்டணத்தை நம் அரசு செலுத்தியது. இம்மாற்றம் தமிழகத்தை எவ்வாறு தொடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொதிகலனும் எஞ்சினும்

நெய்வேலி அனல்மின் நிலையக் கொதிகலனில் பழுப்பு நிலக்கரி எரிவதற்கான ஆக்சிஜனைச் சுற்றியுள்ள காற்றே தருகிறது. காற்றில்லா வெளிக்குச் செல்லும் இராக்கெட்டுக்கு அவ்வசதி இல்லை. எரிபொருளோடு ஆக்சிஜனையும் அதுவே சுமந்து செல்லவேண்டும். வாயுவாகச் சுமந்தால் இடம் போதாது. ஆதலால் அதனைச் சுழியத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியசுக்கும் மேலாகக் குளிர்வித்துத் திரவமாக நிரப்புகின்றனர். மண்ணெண்ணெய் வகை எரிபொருளைத் திரவ ஆக்சிஜனுடன் எரிப்பதை 'அரைக் கிரையோஜெனிக்' எஞ்சின் என்பர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மாஸ் நிறுவனம், 2024 மே 30-இல் அத்தகைய எஞ்சின் பொருத்திய 'அக்னிபான்' சோதனை இராக்கெட்டைச் செலுத்தியது. ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்தே அது செலுத்தப்பட்டது. எஞ்சின் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவானது. பல பாகங்களைப் பற்றவைத்த எஞ்சினில் ஒவ்வோர் இணைப்பும் கசிவுக்கு இடமாகலாம். ஒரே துண்டில் அக்கவலை குறைவு. எனினும், அது சுற்றுப்பாதையை எட்டுவதற்கான பயணம் அன்று. பூமியைத் தாழ்ந்த பாதையில் சுற்றிவர நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்கு முந்தைய படியே இச்சோதனை.

குலசேகரன்பட்டினம் ஏன்?

துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்த்தெற்கே ஏவ இயலாது. வழியில் இலங்கை உள்ளது. இராக்கெட் முதலில் விலகிச் சென்று பின் திரும்பவேண்டும். இதில் எரிபொருள் வீணாகிறது. சிறிய இராக்கெட்டுக்கு இவ்விழப்பு பெரிது. சுமக்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும். தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பரந்த கடல்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. 2024 பிப்ரவரி 28-இல் அங்கு இரண்டாவது ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மகேந்திரகிரியில் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகமும் தென்மாவட்டத்திலேயே அமைந்திருப்பது கூடுதல் வசதி.

நாம் எண்ணவேண்டியவை

1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் நாட்டுக்கு ஒளி தந்தது. ஆயினும், நிலம் கொடுத்த ஊர்களின் வேலைக் கோரிக்கையும் அத்துடன் வளர்ந்ததை இவ்வூரார் அறிவர். குலசேகரன்பட்டினத்திலும் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் திட்டத்திற்குச் சென்றுள்ளது. ஏவும் நாளில் மீனவர் அக்கடற்பகுதியில் வலை வீச இயலாது. அம்மக்களுக்குரிய வேலையும் இழப்பீடும் தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். இலாபம் தனியாருக்கு, இடர் ஊராருக்கு என்னும் நிலை வரலாகாது. பாதுகாப்பு மேற்பார்வை அரசின் கையிலேயே இருத்தல் நலம்.

முடிவுரை

விண்வெளித் தொழில் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. பற்றவைப்பு, வால்வு, பம்பு, உயரழுத்தக் குழாய் ஆகியவற்றில் தேர்ந்த கைகள் அதற்குத் தேவை. நம் சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் அத்தகைய கைகள் பல உள. அவர்தம் பிள்ளைகளாகிய நாம் இயற்பியலையும் வேதியியலையும் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், எஞ்சினுக்குள் நிகழ்வதை அறியும் ஆர்வத்தோடு பயில்வோமாக. அவ்வாறு பயின்றால் குலசேகரன்பட்டினத்தில் புகுமுன் வேலைக்கு நாமும் தகுதியுடையவராவோம்.