ஒரு பிடி மண்ணும் ஒரு கல்லும்: ‘சேசின்’ என்னும் சொல்

நிலத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அப்படியானால் ஒருவர் மற்றொருவருக்கு நிலத்தைக் கொடுத்தார் என்பதை ஊர் எப்படி அறியும்? பழைய ஸ்காட்லாந்து நிலச் சட்டம் இக்கேள்விக்குத் தந்த விடையே ‘சேசின்’. சொல்லின் பொருள் மக்களின் செயலில் இருக்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல சான்று.

பொருள்

நிலத்தை முறைப்படி ஒருவர் வசம் ஒப்படைப்பதே சேசின். பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல் இது. ஆங்கிலத்தில் ‘கைப்பற்று’ என்று பொருள்படும் ‘சீஸ்’ என்ற வினைச்சொல்லும் இதே வேரில் பிறந்ததே. ஒரே வேர், ஆனால் ஒன்று முறையாகக் கொடுப்பதைக் குறிக்கிறது, மற்றொன்று பறித்துக்கொள்வதைக் குறிக்கிறது.

சடங்கு

அக்காலத்தில் பத்திரம் எழுதிவிட்டால் மட்டும் நிலம் கைமாறிவிடாது. இரு தரப்பின் சார்பாளர்களும் அந்த நிலத்துக்கே செல்வர். சாட்சிகளும் நோட்டரியும் உடன் நிற்பர். கொடுப்பவரின் சார்பாளர் அந்நிலத்தின் மண்ணையும் கல்லையும் எடுத்து மற்றவர் கையில் வைப்பார். நடந்ததை நோட்டரி ஆவணமாக எழுதுவார். கைமாறும் உரிமைக்கேற்ப அடையாளமும் மாறும். மீன்பிடி உரிமை என்றால் வலையும் படகும். மாவு ஆலை என்றால் தானியம் கொட்டும் தொட்டியும் அதைத் தட்டி அசைக்கும் கட்டையும். எழுத்தறியாதவருக்கும் புரியும் சட்டமொழி இது.

பதிவேடு

ஆனால் சடங்கை நேரில் பார்த்தவர்கள் சிலரே. ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்த உரிமையை மறைத்து, அதே நிலத்துக்கு வேறொருவரிடம் பெருந்தொகை பெற்றவர்கள் இருந்தனர். ஏமாந்தவருக்குப் பணமும் இல்லை, நிலமும் இல்லை. இதைத் தடுக்க, ஆறாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1617இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி சேசின் ஆவணத்தை 60 நாள்களுக்குள் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும்; பதியாவிட்டால் மூன்றாம் நபருக்கு எதிராக அது செல்லாது. முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை என்று 1693ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது.

எஞ்சிய சொல்

நிலத்துக்குச் சென்று மண் கொடுக்க வேண்டிய கட்டாயம் 1845இல் நீங்கியது. 1858 முதல் உரிமை மாற்றுப் பத்திரத்தையே நேரடியாகப் பதிய முடிந்தது. சடங்கு மறைந்தபின்னும் பதிவேடு ‘சேசின் பதிவேடு’ என்றே வழங்கியது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால், வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய நிலப் பதிவேடு உருவானது. அது 1981இல் ரென்ஃப்ரூ பகுதியில் தொடங்கி, 2003இல் ஸ்காட்லாந்து முழுவதையும் எட்டியது. பழைய பதிவேட்டின் இடத்தை அது படிப்படியாக நிரப்பிவருகிறது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு மாணவரை நில உரிமையாளராக வைத்துக்கொள்வோம். அவர் வகுப்பறைக்கு வெளியே, இரு சாட்சிகள் முன்னிலையில், ஒரு தோழருக்குக் கூழாங்கல் ஒன்றைக் கொடுத்து ‘நிலத்தை’ விற்கட்டும். பிறகு வேறு இரு சாட்சிகள் முன்னிலையில் அதே நிலத்தை மற்றொருவருக்கும் விற்கட்டும். நிலம் யாருடையது என்று வகுப்பைக் கேளுங்கள். வாதம் சூடுபிடிக்கும். அடுத்த சுற்றில், ஒவ்வொரு விற்பனையையும் உடனே கரும்பலகையில் எழுத வேண்டும், வாங்குபவர் அதைப் பார்த்த பிறகே பணம் தர வேண்டும் என்று விதி வையுங்கள். பொதுப் பதிவேடு எதற்கு என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.