அறைக்கு ஏற்ற வெளிச்சம்: சின்ன புரொஜெக்டர் வாங்கும் முன்



கொஞ்ச நாளாக நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி, கையில் தூக்கிச் செல்லும் சின்ன புரொஜெக்டர் வாங்கலாமா என்பது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை ஆன்லைன் பாடத்தை ஆறு அங்குல போன் திரையில் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறது. பெரிய டிவி வாங்கக் கையில் காசு இல்லை. ஐயாயிரம், ஆறாயிரத்துக்குச் சுவர் நிறையப் படம் காட்டும் பெட்டி கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் வாங்கியவர்களில் பலர் வீட்டில் அது இன்று பரண்மேல் கிடக்கிறது. பழுதாகிப் போகவில்லை, வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமன். கடையில் எல்.இ.டி. டியூப்லைட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 20 வாட் டியூப் சுமார் 2000 லூமன் தரும் என்று அச்சிட்டிருப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு புரொஜெக்டர் விளம்பரத்துக்கு வருவோம். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி, விலை ஆறாயிரம், "9000 லூமன்" என்று போட்டிருக்கிறது. அதாவது நாலரை டியூப்லைட்டின் மொத்த வெளிச்சமும் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக வருகிறதாம்!

வராது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வாட் என்று பாருங்கள். 60 வாட் என்று இருந்தால், அத்தனை மின்சாரமும் விளக்குக்கே போனாலும் தோராயமாக 6000 லூமன்தான் பிறக்கும். அதுவும் அப்படியே சுவருக்கு வந்து சேராது. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் ஒரேயொரு எல்.சி.டி. தகடுதான் இருக்கும். வெளிச்சம் அதைக் கடக்கும்போது பாதியை ஒளி வடிகட்டி விழுங்கிவிடும். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிறத் தடுப்புகள் வெளியே விடும். லென்ஸில் இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் சில நூறு லூமன் மிஞ்சினாலே பெரிது. விளம்பரத்தில் போடுவது உள்ளே இருக்கும் விளக்கின் கணக்கு, அல்லது எந்தக் கணக்குமே இல்லாத ஓர் எண். எடைக்கல்லில் குறைப்பதைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கல்லையே மாற்றி வைத்துவிடுகிறார்கள்.

சரியான கல்லுக்குப் பெயர் ஆன்சி லூமன். 1992-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு வகுத்த முறை இது. வெள்ளைப் படத்தைத் திரையில் விட்டு, திரையை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். அதாவது உள்ளே பிறந்த வெளிச்சத்தை விட்டுவிட்டு, சுவருக்கு வந்து சேர்ந்ததை மட்டும் எண்ணுகிறார்கள். "ஐ.எஸ்.ஓ. லூமன்" என்று போட்டிருந்தாலும் இதே வழியில் அளந்ததுதான், அதையும் நம்பலாம். வெறும் "லூமன்" என்றோ "எல்.இ.டி. லூமன்" என்றோ மட்டும் இருந்தால் அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெயர் பெற்ற நிறுவனங்கள் என்ன போடுகின்றன என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ஆங்கர் நிறுவனத்தின் நெபுலா கேப்ஸ்யூல் 3 இந்த ஆறாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் போலப் பல மடங்கு விலை. அதில் போட்டிருப்பது 200 ஆன்சி லூமன். எக்ஸ்ஜிமி மோகோ 2 ப்ரோ 400 ஐ.எஸ்.ஓ. லூமன். விலை கூடின பெட்டி 200 என்கிறது, விலை குறைந்த பெட்டி 9000 என்கிறது. யார் சொல்வது நிஜம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சரி, 200 லூமன் நம் வீட்டுக்குப் போதுமா? அது படத்தின் அளவைப் பொறுத்தது. 60 அங்குலப் படம் என்றால் அகலம் நாலேகால் அடிக்குச் சற்று மேல், பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 200 லூமனும் அந்த ஒரு மீட்டரில் விழும். இதை 200 லக்ஸ் என்பார்கள். அதே பெட்டியை இன்னும் பின்னால் தள்ளி 100 அங்குலமாக்கினால் பரப்பு இரண்டே முக்கால் சதுர மீட்டர், கிடைப்பது 73 லக்ஸ்தான். ஒரு கரண்டி நெய்யை ஒரு தோசைக்குத் தடவுவதற்கும் மூன்று தோசைக்குத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம். படத்தின் அகலம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

அடுத்தது அறையின் வெளிச்சம். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைச் சுவரில் பாய்ச்ச முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், உங்கள் சுவர் அந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சமாகத்தான் தெரியும். என் அனுபவத்தில், எழுத்து படிக்கக்கூடியதாக இருக்க, படத்தின் வெளிச்சம் சுவரில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். படம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்குக்கு மேல் வேண்டும்.

சுவரில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் என்ற செயலியை இறக்கிக்கொள்ளலாம். படம் விழும் இடத்தில் போனின் முதுகைச் சுவரோடு ஒட்டி, திரை அறையைப் பார்க்கும்படி பிடியுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் நம் தேவைக்குப் போதும். எந்த நேரத்தில் பார்க்கப் போகிறீர்களோ அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அடுப்படி விளக்கு மட்டும் எரியும்போது அளந்தால் சில லக்ஸ்தான் வரும். 200 லூமன் பெட்டியே தாராளம். டியூப்லைட் எரிந்தால் 100 லக்ஸ் வரை வரலாம். அப்போது 60 அங்குலத்துக்கே 500 ஆன்சி லூமன் தேவை. லுஹருக்குப் பிறகு ஜன்னல் திறந்த அறையில் அளந்து பார்த்தால் ஆசையே போய்விடும். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் இருக்கும் பெரிய புரொஜெக்டர்கள் 3000 லூமனுக்கு மேல் இருப்பது இதனால்தான். பேட்டரியில் ஓடும் பெட்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பகலில் பாடம் பார்ப்பதுதான் முக்கியத் தேவை என்றால் 32 அங்குல டிவியே மேல். பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை.

நம் மஹல்லாவில் தையல் வேலை பார்க்கும் ஒரு சகோதரி, பிளஸ் டூ படிக்கும் மகளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து இப்படி ஒரு பெட்டி வாங்கியிருந்தார். மகள் படிப்பது அஸருக்கு முன்பும் பின்பும். சுவர் வெளிர்பச்சை, எதிரே ஜன்னல். பெட்டியைப் பின்சுவரில் வைத்துப் பெரிய படமாக விட்டிருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் ஓர் எண்கூடத் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. நம் தொண்டர் ஒருவர் போய் ஜன்னல் பக்கத்துச் சுவருக்குப் படத்தை மாற்றினார். அங்கே நேர் வெளிச்சம் விழாது. வெள்ளை சார்ட் அட்டைகளை ஒட்டி, பெட்டியை நாலடி தூரத்துக்குக் கொண்டுவந்தார். படம் 40 அங்குலமாகச் சுருங்கியது. ஆனால் பரப்பு அரை சதுர மீட்டருக்கும் குறைவு என்பதால், பெட்டியில் உண்மையாக 150 லூமன் இருந்தாலே 300 லக்ஸுக்கு மேல் கிடைக்கும். இப்போது அந்தப் பெண் அதில்தான் படிக்கிறாள். புதிதாக ஒரு பைசா செலவில்லை, சார்ட் அட்டையைத் தவிர.

ஆகவே வாங்கும் முன் வீட்டில் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பல சின்னப் பெட்டிகளில் படத்தின் அகலத்தைப் போல ஒன்றேகால் மடங்கு தூரத்தில் பெட்டியை வைக்க வேண்டியிருக்கும். பத்தடி அறையில் பின்சுவரோடு வைத்தால் படம் தானாகவே 100 அங்குலத்தைத் தாண்டிவிடும்; சின்னப் பெட்டிக்கு அது அதிகம். அறையின் நடுவில் ஒரு ஸ்டூல் போட இடம் இருக்கிறதா, பிள்ளைகள் வயரில் தடுக்காமல் நடக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். வேட்டியையோ பெட்ஷீட்டையோ திரையாகக் கட்டினால் ஒற்றைத் துணியாகக் கட்டாதீர்கள். வெளிச்சம் பின்னால் கசிந்துவிடும். பின்புறம் ஒரு கறுப்புத் துணி இருந்தால் நல்லது.

பேட்டரியில் ஓடும்போது பல பெட்டிகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே எந்த எண் பேட்டரிக்கு, எது மின்சாரத்துக்கு என்று கேளுங்கள். "1080பி சப்போர்ட்" என்பதற்கு அந்த வீடியோவைப் பெட்டி வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள். "நேட்டிவ்" என்று எழுதியிருப்பதுதான் உண்மையான அளவு. பாடத்தின் சிறிய எழுத்துகளுக்கு 720பி-க்குக் கீழே போக வேண்டாம்.

கடையில் வாங்கினால் இருட்டறையில் காட்டுவார்கள். மேலே விளக்கைப் போடச் சொல்லி, உங்கள் வீட்டில் வைக்கப்போகும் தூரத்தில் வைத்து, பிள்ளையின் பாட வீடியோவையே ஓட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே நீங்கள் பார்க்கும் நேரத்தில் சோதித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டும்வரை அட்டைப்பெட்டியை வீசாதீர்கள். பொய்யான லூமன் எண்ணைக் காட்டி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் கையில் இருந்தால், அலுவலகத்துக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வாருங்கள். புகார் எழுத நாங்கள் உதவுகிறோம்.