அவரையும் ‘பிராட் பீன்ஸும்’: மாடித்தோட்டத்துக்கு ஒரு பாடம்

சென்ற கார்த்திகையில் மயிலாப்பூரிலிருந்து ஒரு தாயார் எங்கள் உணவியல் பிரிவுக்கு வந்தார். மாடியில் பந்தலிட்டு வளர்த்து, பூவெடுக்கத் தொடங்கியிருந்த அவரைக் கொடியை முதல் நாள்தான் வேரோடு பிடுங்கிவிட்டதாகக் கூறினார். அவருடைய மகனுக்கு ஜி6பிடி நொதிக் குறைபாடு உண்டு. தவிர்க்கவேண்டிய உணவுகளின் பட்டியலில் ‘பிராட் பீன்ஸ்’ முதலிடத்தில் இருந்தது. காய்கறிக் கடைப் பலகையில் அவரைக்காய்க்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயரும் அதுவே. அவர் செய்ததில் பிழை காண இயலாது. பெயர்தான் அவரை ஏமாற்றியது.

பட்டியல் குறிப்பிடும் பிராட் பீன்ஸ், ‘விசியா ஃபாபா’ என்னும் செடியின் பயறு. நடுநிலக்கடல் நாடுகளிலும் எகிப்திலும் அன்றாட உணவு. வட இந்தியாவில் பாக்லா என்ற பெயரில் குளிர்காலத்தில் விளைகிறது. இதிலுள்ள விசின், கான்விசின் என்னும் சேர்மங்கள் ஜி6பிடி குறைபாடு உடையோரின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. உண்ட ஓரிரு நாள்களில் முகம் வெளிறினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

நம் வீட்டு அவரை ‘லாப்லாப் பர்ப்யூரியஸ்’ என்னும் வேறொரு செடி. இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஃபாவா செடி கொடியாகப் படராது. நாற்கோணத் தண்டுடன் நிமிர்ந்து நிற்கும். வெண்பூவில் கரும்புள்ளி இருக்கும். தடித்த காயின் உட்புறம் பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். அவரைக்கோ ஒரு காம்பில் மூன்று இலைகள், காய் தட்டையானது. ஜி6பிடி குறைபாட்டில் உறுதியாகத் தவிர்க்கவேண்டிய பயறு ஃபாவாதான், அவரை அன்று. ஆயினும் உங்கள் பட்டியலை மருத்துவரிடம் காட்டி எந்தச் செடி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபாவா நம் சந்தையில் அரிது என்றாலும், வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் வறுத்த பயறு, உணவகத்து ஃபலாஃபல் ஆகியவற்றில் மறைந்திருக்கலாம்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பந்தல் அவரைக்கு ஆடிப் பட்டமே உரியது. பகற்பொழுது சுருங்கும்போதுதான் அது பூக்கும். குறுந்தொகையிலும் அவரை பனிக்காலத்தில்தான் பூக்கிறது. தையிலோ மாசியிலோ விதைத்துவிட்டு, ‘இலை மட்டும் வருகிறதே’ என்று வருந்துவோர் பலர். அவர்களுக்குச் செடி அவரையே ஏற்றது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 14, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் ஆகியவை பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் காய்ப்பவை, பந்தலும் வேண்டா. தி.நகர் அடுக்ககப் பால்கனிக்கு நாங்கள் இவற்றையே பரிந்துரைக்கிறோம், ஆறு மணி நேர வெயில் விழுமானால்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள ஓரடிப் பையை நிரப்புங்கள். மூன்று விதைகளை விரற்கணு ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். அவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தித் தருவதால், மிகுதியாக எருவிட்டால் இலை பெருகிப் பூ குறையும். கொழுந்தில் கறுப்பாக அசுவினி மொய்த்தால் நுனியைக் கிள்ளி எறிந்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் போதும். அடங்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

நோயாளிகள் உள்ள வீட்டில் மண்ணைக் கிளறுவது யார் என்பதே முதற்கேள்வி. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் கீமோதெரபியில் இருப்போரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை மண்ணையும் மட்கிய உரத்தையும் தொடலாகாது. அவற்றிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். காய் பறிப்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண் வேலை பிறருடையதாகட்டும். அவர்களும் கையுறையும் முகக்கவசமும் அணிவது நல்லது. நீரிழிவால் பாத உணர்வு குறைந்தோர் சென்னை வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. தளச்சூட்டில் பாதம் வெந்ததைக் கொப்புளம் எழுந்தபின்பே கண்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நனைந்த பை மிகவும் கனக்கும்; அறுவை சிகிச்சைக்குப் பின் அதைத் தூக்க முயலாதீர்கள். மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் இருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு வளர அந்த நீரே போதும்.

செடி அவரை ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய்க்கும். விதை பருக்குமுன் பறித்து, நார் உரித்து, வேகவைத்து உண்ணுங்கள். சிறுநீரக நோயாளிகள் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும்; அளவை உணவியல் நிபுணர் சொல்வார். முற்றிய விதையில் சயனைடு தரும் பொருள்கள் இருப்பதால், இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக வேகவைத்தல் அவசியம்.

அந்தத் தாயார் தையில் செடி அவரை விதைத்தார்; பங்குனியில் பொரியலுக்குக் காய் பறித்தார். அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைப்பது எப்படி என்று கேட்டபோது ஒன்றை வலியுறுத்தினோம். நன்கு காயவைத்து, சாம்பலில் புரட்டிப் புட்டியில் இடுங்கள். பூச்சிக்காகப் பாச்சை உருண்டை மட்டும் போடவேண்டா. அதிலுள்ள நாப்தலினும் ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். துணி அலமாரியிலிருந்தும் அதை அகற்றிவிடுங்கள்.