பாதி முடிந்த வீடும் புது வேலையும்: மதீனா தரும் பாடம்



புது வீட்டுக்குக் குடிவந்துவிடுகிறோம். ஆனால் வேலை முடிந்திருக்காது. ஓர் அறையில் படுக்கை, அடுத்த அறையில் சிமெண்ட் மூட்டை. கொத்தனார் வந்தால் பெயிண்டர் வருவதில்லை. பத்து நாளில் புது வேலையில் வேறு சேர வேண்டும். இந்த நேரத்தில்தான் வீட்டில் சண்டை வருகிறது. தொழுகை தள்ளிப்போகிறது. ‘வட்டிக்காவது வாங்கி முடித்துவிடலாம்’ என்ற எண்ணமும் வருகிறது.

கி.பி. 622-ல் மதீனா வந்த முஹாஜிர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டையும் சொத்தையும் மக்காவில் விட்டு வந்தவர்கள் அவர்கள். நபி (ஸல்) அவர்களுக்கே அங்கு சொந்த வீடு இல்லை. அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தில் சில மாதங்கள் தங்கினார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ப் பானை உடைந்தது. நபியவர்கள் மீது சொட்டிவிடுமோ என்று பதறி, இருந்த ஒரே போர்வையால் அபூ அய்யூபும் அவர் மனைவியும் அந்தத் தண்ணீரைத் துடைத்தெடுத்தார்கள். நம் வீட்டு வேலையின் தூசியும் சத்தமும் பக்கத்து வீட்டாரைத் தொல்லை செய்கிறதா என்று நாம் ஒருமுறையாவது கேட்டதுண்டா?

பள்ளிவாசல் கட்டத் தேர்ந்த இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், நபி (ஸல்) அவர்கள் விலைக்கே வாங்கினார்கள். தாமே கல் சுமந்தார்கள். மண்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை. குடும்பத்துக்கான அறைகளும் அதன் அருகே எளிமையாகவே எழுந்தன.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் வியாபாரம் செய்து லாபம் கண்டார்கள். வீடு முழுமையாகட்டும், பிறகு சம்பாதிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

சகோதரர்களே! இதில் நமக்குச் சில பாடங்கள் உள்ளன.

முதலாவது, முதல் சம்பளம் வருமுன் வட்டிக் கடனில் வீட்டை அலங்கரிக்காதீர்கள். தண்ணீர், கழிவறை, அடுப்பு, படுக்க ஓர் அறை: இவை போதும். மற்றவை மெல்ல நடக்கட்டும்.

இரண்டாவது, வேலை செய்தவரின் கூலியை இழுத்தடிக்காதீர்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்பது நபிவழி.

மூன்றாவது, எத்தனை மூட்டை கிடந்தாலும் தொழுவதற்கு ஒரு சுத்தமான மூலையை முதலில் ஒதுக்குங்கள்.

சுவர் பூசாத வீட்டிலும் மனம் அமைதியாக இருக்கலாம். பளிங்கு பதித்த வீட்டிலும் ஹராமான கடன் தூக்கத்தைப் பறிக்கலாம். நம் இல்லங்களை நிம்மதி தரும் இடங்களாகவும், நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.