பாத நலம்: வலிக்கும் காலும் வலிக்காத காலும்

மேய்ஸ் ஹில்லில், கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரம் 1999 இல் கும்பாபிஷேகம் கண்ட சிட்னி முருகன் கோவிலுக்கு வருவோர் வாயிலில் காலணியைக் கழற்றி வைக்கின்றனர். வீட்டிலும் தமிழர் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே நடமாடுகின்றனர். இவ்வாறு நாள்தோறும் தரையைத் தொடும் பாதத்தைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. முகத்தில் சிறு பரு தோன்றினால் கண்ணாடியை நாடுபவரும் உள்ளங்காலில் புண் தோன்றினால் பல நாள்கள் அறியாதிருப்பதுண்டு.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. உடலின் முழு எடையையும் தாங்கும் இவ்வமைப்பில் எழும் கோளாறுகளில் பெரும்பாலானவை எளிதில் தீர்க்கத்தக்கவை. அவற்றை இனங்காணும் வழியையும், பாதச் சிகிச்சையாளர் அவற்றுக்கு அளிக்கும் சிகிச்சையையும், அச்சிகிச்சையைப் பெறும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது. இதன் மையக் கருத்து ஒன்றே: வலிக்கும் கால் உதவியைத் தேடச் செய்கிறது, வலியை உணராத கால் காலத்தைக் கடத்தச் செய்கிறது. ஆகவே பின்னதே பெரிதும் அஞ்சத்தக்கது.

பாதச் சிகிச்சையாளர் யார்?

ஆங்கிலத்தில் பொடையாட்ரிஸ்ட் எனப்படுபவரே பாதச் சிகிச்சையாளர். இவர் பாதம், கணுக்கால், கீழ்க்கால் ஆகியவற்றின் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சையளிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். ஆஸ்திரேலியாவில் இப்பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பாதச் சிகிச்சை வாரியத்தில் பதிவு செய்யாத எவரும் அதைப் பயன்படுத்த இயலாது. அப்பதிவேட்டைப் பொதுமக்கள் இணையத்தில் கட்டணமின்றிப் பார்வையிடலாம். அழகு நிலையத்தில் நகம் வெட்டிச் சாயமிடுபவர் பாதச் சிகிச்சையாளர் ஆகார்.

தனியார் பாதச் சிகிச்சையாளரை நேரடியாக அணுகலாம். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயமன்று. மெடிகேர் உதவித்தொகை பெற விரும்புவோருக்கே அக்கடிதம் தேவைப்படும்.

அடிக்கடி காணப்படும் கோளாறுகள்

*காய்ப்பும் கால் ஆணியும்.* ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடரும்போது தோல் தடித்துக் காய்ப்பு ஆகிறது. அவ்வழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்தால் கடினமான கருவுடன் கால் ஆணி உருவாகிறது. பாதச் சிகிச்சையாளர் தடித்த தோலைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவி அகற்றுவார். உயிரற்ற தோல் என்பதால் பெரும்பாலும் வலி இராது. ஆயினும் காரணம் நீங்காதவரை ஆணி மீண்டும் வளரும். எனவே காலணியை மாற்றுதல், மென்பஞ்சுத் திண்டு வைத்தல், அழுத்தத்தைப் பரவச் செய்யும் உள்ளடி பொருத்துதல் ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே. மருந்தகத்தில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்திரிகளில் அமிலம் கலந்திருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அவற்றைத் தாமாகப் பயன்படுத்தலாகாது. வீட்டில் பிளேடால் அறுப்பதும் தவிர்க்கத்தக்கது.

*உள்ளங்கால் மரு.* இதைப் பலர் ஆணி எனக் கருதி ஏமாறுகின்றனர். மரு வைரசால் வருவது. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணியின் இயல்பு. இரு பக்கங்களிலிருந்தும் கிள்ளினால் கூடுதலாக வலிப்பது மருவின் இயல்பு. மருவில் சிறு கரும்புள்ளிகள் தென்படலாம். பல மருக்கள் தாமே மறையும். நீடிப்பவற்றுக்கு அமிலப் பூச்சு, உறைய வைத்தல் போன்ற முறைகள் உள்ளன.

*உள்வளரும் நகம்.* நக ஓரம் சதைக்குள் புதைந்து வீங்கிச் சீழ் வைப்பது இது. நகத்தின் மூலைகளை ஆழமாக வளைத்து வெட்டுவதும் முன்புறம் ஒடுங்கிய காலணியும் முதன்மைக் காரணங்கள். நகத்தை நேராக வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்குதல் நன்று. தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், விரலை மரத்துப்போகச் செய்து, புதைந்த ஓரத்தை மட்டும் நீக்கி, அது மீண்டும் வளராதவாறு வேரில் மருந்திடும் சிறு சிகிச்சையைப் பாதச் சிகிச்சையாளரே செய்வார்.

*சேற்றுப்புண்ணும் நகப் பூஞ்சையும்.* விரலிடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சை வளர்ந்து தோல் வெளிறி அரிக்கும். பூஞ்சைக் களிம்பும் விரலிடுக்கை உலர்த்தும் பழக்கமும் பெரும்பாலும் போதுமானவை. நகம் தடித்து மஞ்சளாகும் பூஞ்சைத் தொற்றுக்குப் பொறுமை தேவை. பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

*குதிகால் வெடிப்பு.* பித்தவெடிப்பு என வழங்கப்படினும் இதற்கும் பித்தத்துக்கும் தொடர்பில்லை. உலர்ந்து தடித்த தோல் உடல் எடையால் விரிந்து பிளப்பதே காரணம். தடித்த தோலைச் சீவி, யூரியா கலந்த களிம்பை நாள்தோறும் தடவினால் குணமாகும். களிம்பை விரலிடுக்கில் தடவலாகாது. ஆழமான வெடிப்பு கிருமி நுழையும் வாயில் என்பதை மறத்தலாகாது.

*குதிகால் வலி.* காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடி ஊசி குத்துவதுபோல் வலித்து, சிறிது நடந்தபின் தணிவது உள்ளங்கால் தசைநாரின் பாதிப்பைக் குறிக்கும். வீட்டின் கடினமான ஓட்டுத் தரையில் நெடுநேரம் வெறுங்காலுடன் நின்று சமைப்போருக்கு இவ்வலி மிகுவதுண்டு. கெண்டைக்கால் நீட்டல் பயிற்சி, பட்டை ஒட்டுதல், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிதல் ஆகியவற்றால் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் நலம் பெறுகின்றனர்.

வலிக்காத பாதம்

மேற்கூறிய கோளாறுகள் தொல்லை தருபவை. ஆயினும் உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும் பாதத்தில் அவை அரிதாகவே பெருங்கேட்டில் முடியும். நீரிழிவு உள்ளவரின் நிலை வேறு. தெற்காசிய மரபினருக்கு இந்நோய் ஒப்பீட்டளவில் இளவயதிலும் குறைந்த உடல் எடையிலும் தோன்றுவதால், இப்பகுதி தமிழ் வாசகர்களின் தனிக் கவனத்துக்குரியது.

நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, பாத நரம்புகளின் உணர்வைப் படிப்படியாக மழுங்கச் செய்கிறது. இரத்தக் குழாய்களையும் ஒடுங்கச் செய்கிறது. முன்னதால் காயம் தெரிவதில்லை. பின்னதால் காயம் ஆறுவதில்லை.

உணர்விழப்பின் விளைவைத் தெளிவாக உலகுக்கு உணர்த்திய ஆய்வு தமிழ் மண்ணில் நிகழ்ந்தது. 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் சிதைவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, வலியுணர்வு இன்மையால் திரும்பத் திரும்பக் காயப்படுவதே என்று நிறுவினார். பின்னர் அமெரிக்காவில் அதே அறிவை நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். பாதத்தோடு முழுவதும் பொருந்தும் கட்டினால் புண்ணின்மீது விழும் அழுத்தத்தைப் பரவச் செய்யும் முறையை, அதற்கு முன்பே 1930களில் இலங்கை அறுவை மருத்துவர் மில்ரோய் போல் கையாண்டிருந்தார். நீரிழிவால் உள்ளங்காலில் ஏற்படும் புண்ணுக்கு இம்முறை இன்றும் முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இருபது ஆண்டுகளாக நீரிழிவு உள்ள மூதாட்டி ஒருவர் தைப்பூசத்தன்று நண்பகலில் வெறுங்காலுடன் தார்த் தரையைக் கடக்கிறார். ஊரில் தை மாதம் குளிர்ந்த பருவம். சிட்னியிலோ அது கோடையின் உச்சம். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகை செல்சியசை எட்டியது. வெயிலில் கிடக்கும் தார்த் தரை காற்றைவிட மிகவும் சுடும். உணர்வுள்ளவர் துள்ளி ஒதுங்குவார். மூதாட்டியோ அமைதியாக நடந்து செல்கிறார். இரவில் உள்ளங்காலில் கொப்புளம், வலியில்லை. மகளுக்குக் கவலை தரவேண்டாம் என்று மஞ்சள் பற்றிட்டுத் துணி சுற்றுகிறார். நான்காம் நாள் கால் சிவந்து காய்ச்சல் வருகிறது. முதல் நாளே காட்டியிருந்தால் சில வாரக் கட்டுடன் ஆறியிருக்கக்கூடிய புண், இப்போது மருத்துவமனை அனுமதியையும், எலும்புவரை தொற்று பரவியிருந்தால் விரலை அகற்றும் நிலையையும் உருவாக்கக்கூடும்.

இந்நிலையைத் தவிர்க்கவே பாதப் பரிசோதனை உள்ளது. பாதச் சிகிச்சையாளர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வை அறிவார். இசைக்கவையால் அதிர்வுணர்வைச் சோதிப்பார். நாடித்துடிப்பைத் தொட்டும், தேவையாயின் டாப்ளர் கருவியாலும் இரத்த ஓட்டத்தை மதிப்பிடுவார். இச்சோதனைகள் வலியற்றவை. ஆபத்துக் குறைந்தவர் ஆண்டுக்கு ஒரு முறையும், உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்தவர் அதைவிட அடிக்கடியும், முன்பு புண் வந்தவர் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் பார்க்கப்படுதல் வேண்டும்.

வழிபாடும் பாதுகாப்பும்

வெறுங்காலுடன் வழிபடுவது பக்தியின் பகுதி. அதைக் கைவிடுமாறு எவரும் கூறவேண்டியதில்லை. எனினும் நீரிழிவு உள்ளவர் கோடையில் காலையிலோ மாலையிலோ கோவிலுக்குச் செல்லலாம். வாயில்வரை காலணியுடன் வரலாம். உள்ளே காலுறை அணிவது குறித்துக் கோவில் அலுவலகத்தில் கேட்டறியலாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்தல் இன்றியமையாதது. காவடி, அங்கப் பிரதட்சிணம் முதலிய நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே பாதச் சிகிச்சையாளரிடம் தெரிவித்தல் நன்று.

அன்றாடப் பழக்கங்கள்

• நாள்தோறும் இரு பாதங்களையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் தரையில் கண்ணாடி வைத்தோ குடும்பத்தாரின் துணையுடனோ பார்க்கலாம்.
• வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கை நன்கு துடைக்க வேண்டும்.
• காலணியை அணியுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்கும் முன், அதைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். சிறு கல் மட்டுமன்று, சிலந்தியும் இருக்கக்கூடும்.
• பாதம் சற்று வீங்கியிருக்கும் பிற்பகலில் காலணி வாங்குதல் நன்று. மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும்.
• குளிர்காலத்தில் உணர்வு குறைந்த பாதத்தை ஹீட்டருக்கு அருகில் நீட்டுவதும் வெந்நீர்ப்பை வைப்பதும் தீக்காயத்தை உண்டாக்கும்.

கட்டணமும் உரிமையும்

ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் நோய் உள்ளவருக்குக் குடும்ப மருத்துவர் நாட்பட்ட நோய் மேலாண்மைத் திட்டம் ஒன்றை வகுத்து, பாதச் சிகிச்சையாளருக்குப் பரிந்துரைக்கலாம். அத்திட்டத்தின்கீழ் ஒரு நாட்காட்டி ஆண்டில் 5 சந்திப்புகளுக்கு மெடிகேர் உதவித்தொகை உண்டு. இவ்வைந்தும் உடலியக்கச் சிகிச்சை, உணவியல் ஆலோசனை முதலிய பிற சேவைகளுக்கும் பொதுவானவை. உதவித்தொகை முழுக் கட்டணத்தையும் ஈடுசெய்யாதிருக்கலாம்; எனவே நேரம் குறிக்கும்போதே எஞ்சும் தொகையைக் கேட்டறிய வேண்டும். முதியோர் மை ஏஜ்ட் கேர் அமைப்பை 1800 200 422 இல் அழைத்துத் தங்களுக்குரிய உதவியை அறியலாம்.

இந்தியாவுடனும் இலங்கையுடனும் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ உடன்படிக்கை இல்லை. ஆகவே வருகை விசாவில் வந்துள்ள பெற்றோருக்கு மெடிகேர் பொருந்தாது. அவர்களது காப்புறுதி எவற்றை உள்ளடக்குகிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே வாசித்தறிதல் வேண்டும். செலவுக்கு அஞ்சிப் புண்ணை மறைப்பது செலவைப் பெருக்கவே செய்யும்.

பொது மருத்துவமனையில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். குடும்ப மருத்துவரும் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைக்கலாம். பேரப்பிள்ளையை உரைபெயர்க்கச் செய்வது உகந்ததன்று. பிள்ளையின் முன் முதியவர் உண்மையைக் குறைத்துக் கூறுவதுண்டு. எந்தச் சிகிச்சைக்கும் முன் அதன் நோக்கம், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைக் கேட்கவும், புரியாதவரை இசைவு தராதிருக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

அன்றே உதவி நாட வேண்டிய அறிகுறிகள்

நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் புதிய புண், கொப்புளம், சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு அல்லது கருமை தோன்றினால் வலியின்மையை ஆறுதலாகக் கொள்ளலாகாது. காயமின்றி ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாதலும் எலும்பு நொறுங்குவதன் தொடக்கமாக இருக்கலாம். அக்காலை ஊன்றாது அன்றே மருத்துவரைக் காண வேண்டும். ஐயம் எழுந்தால் எந்நேரமும் ஹெல்த் டைரக்ட் செவிலியரை 1800 022 222 இல் அழைக்கலாம். காய்ச்சல், நடுக்கம், மயக்கம் சேர்ந்தால் 000.

மீள்பார்வை வினாக்கள்

1. கால் ஆணியையும் மருவையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்?
2. நீரிழிவு உள்ளவரின் காயம் உணரப்படாமைக்கும் ஆறாமைக்கும் தனித்தனிக் காரணங்கள் யாவை?
3. மெடிகேர் உதவித்தொகை உள்ள 5 சந்திப்புகள் பாதச் சிகிச்சைக்கு மட்டும் உரியவையா?
4. இல்லத்திலுள்ள முதியவரின் உள்ளங்கால் கடைசியாகப் பார்க்கப்பட்டது எப்போது?

நான்காம் வினாவுக்கு விடை தெரியாத குடும்பங்கள் இன்றிரவே அதைக் கண்டறியலாம்.