‘கய்’ என்றொரு சொல்

ஆங்கிலத் திரைப்படங்களில் ‘கய்’ என்னும் கொச்சைச் சொல் மூச்சுக்கு மூச்சு வருகிறது. தமிழில் எழுதினால் அது ‘கை’யாகிவிடும் என்பதால் நாம் இங்கே ‘கய்’ என்றே எழுதுவோம். ஆள், பேர்வழி என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் இச்சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1570-ல் பிறந்தவர் கய் ஃபாக்ஸ். பின்னாளில் கத்தோலிக்கரானார். அக்காலத்தில் அந்நாட்டில் திருப்பலி காண்பதே தண்டனைக்குரிய குற்றம். இத்துன்பத்தைப் பொறுக்கமாட்டாத சிலர், ராபர்ட் கேட்ஸ்பி என்பவர் தலைமையில், மன்னர் முதலாம் ஜேம்ஸையும் பாராளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்தனர். 1605 நவம்பர் 5-ல் பிரபுக்கள் சபையின் அடியில், 36 பீப்பாய் வெடிமருந்துடன் ஃபாக்ஸ் பிடிபட்டார். 1606 ஜனவரியில் மரண தண்டனை. கொடுமைக்குக் கொலையா மருந்து? அவருக்காக நாம் வாதாட வரவில்லை. ஆயினும் பழி சதிகாரரோடு நிற்கவில்லை. ஒரு பாவமும் அறியாத கத்தோலிக்கர்மீதும் அவ்வாண்டே சட்டங்கள் மேலும் இறுகின.

அன்றுமுதல் நவம்பர் 5-ல் தீ மூட்டிக் கொண்டாடும் வழக்கம் வந்தது. கந்தலுக்குள் வைக்கோல் திணித்த பொம்மையொன்று தீயில் எரியும். அதன் பெயர்தான் ‘கய்’. அதைத் தெருவில் வைத்துச் சிறுவர்கள் காசு கேட்பார்கள். (ஃபாக்ஸ் படித்த யார்க் பள்ளியில் மட்டும் அப்பொம்மையை எரிப்பதில்லையாம்!) பிறகு, அலங்கோலமாக உடுத்தியவரெல்லாம் ‘கய்’ ஆனார்கள். நாம் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ என்று கேலி செய்வதில்லையா, அதுபோலத்தான். ஒருவரை நையாண்டி செய்வதற்கும் அதே சொல்லே வினையாயிற்று.

அமெரிக்காவில் கேலி உதிர்ந்து, வெறும் ‘ஆள்’ மிஞ்சியது. அங்கே ‘வைஸ் கய்’ என்றால் ஞானி அல்ல, அதிகப்பிரசங்கி! பிறர் குற்றத்தைத் தலையில் சுமப்பவன் ‘ஃபால் கய்’. கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ‘கய்’ என்று பெயருண்டு. அதன் வேர் வேறு. ஃபாக்ஸுக்கும் அதற்கும் உறவில்லை. நம் ‘கயிறு’க்கும் உறவில்லை.

இப்போது ‘யூ கய்ஸ்’ என்று பெண்களையும் சேர்த்தே அழைக்கிறார்கள். நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒருமைக்குரிய பழஞ்சொல் வழக்கொழிந்து, ‘யூ’ ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. பலரை அழைக்க ஒரு துணைச்சொல் தேவைப்பட்டது. ஆண்பாற் சொல்லால் எங்களை அழைப்பானேன் என்று பெண்கள் சிலர் கேட்கிறார்கள். அக்கேள்வி நியாயமானதென்றே நமக்குத் தோன்றுகிறது. ‘ஒரு கய் வந்தான்’ என்றால் வந்தது பெண்ணென்று யாரும் எண்ணுவதில்லையே! தோழியரிடையே அச்சொல் இருந்துவிட்டுப் போகட்டும். ஆசிரியைகளை மட்டும் அப்படி அழைத்துவிடாதீர்கள்.