‘கலர் பட்டா அம்மா ஏசுவாங்க டீச்சர்!’

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு நாலு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தாடிகாவுக்கு (பாலர் பள்ளிக்கு) போகிறாள். வெள்ளிக்கிழமை வந்தால் அங்கே சாயம், களிமண், மாவு, சோப்பு நுரை என்று அள்ளி விளையாட விடுகிறார்கள். ‘பழைய உடுப்பு போட்டு அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் தகவல் வரும். பழசு என்று வீட்டில் அதிகம் இல்லை. போன தீபாவளிக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எடுத்த கவுன் முட்டிக்கு மேலே ஏறிவிட்டதால் அதையே போட்டு அனுப்பினேன். சாயம் பட்டு வீணாகிவிட்டது. மறு வாரம், ‘பார்த்து விளையாடு’ என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு அவள் எதையுமே தொடவில்லை, ஓரமாக நின்றாள் என்று ஆசிரியை சொன்னார். ‘காசு கட்டி அழுக்காக்கவா பிள்ளையை அனுப்புறோம்?’ என்று அத்தை கேட்கிறார். என்ன உடுப்பு போடுவது, எத்தனை வைத்திருப்பது?
— ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கவுன் போனது போகட்டும். ‘எதையுமே தொடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் என் மனசு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். பாலர் பள்ளியில் இருந்த வருஷங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

ஒருத்தி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறாள். லேஸ் வைத்த வெள்ளைக் கவுன், கைக்கு ஒரு தங்கக் காப்பு. மற்றப் பிள்ளைகள் களிமண்ணைப் பிசைந்து பாம்பு, தோசை, யானை என்று செய்துகொண்டிருந்தார்கள். இவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். பிறகு ஒற்றை விரலால் களிமண்ணை மெல்லத் தொட்டாள். உடனே விரலைத் துடைக்க இடம் தேடினாள். கவுனில் துடைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். விரலை நீட்டியபடியே என்னிடம் வந்து, “கலர் பட்டா அம்மா ஏசுவாங்க டீச்சர்” என்றாள். அது களிமண், கலர்கூட இல்லை.

அலமாரியில் கிடந்த ஒரு பழைய பெரிய பனியனை எடுத்து, கவுனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அதை மாட்டிவிட்டேன். கணுக்கால் வரை தொங்கியது. “இது யாரோட சட்டை?” என்றாள். “டீச்சரோடது. இதுல என்ன பட்டாலும் யாரும் ஏச மாட்டாங்க.” என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனாள். அன்று அவளை மேசையிலிருந்து பிரித்துக் கை கழுவ வைக்க நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

ஆகவே, எந்தத் துணி, என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. ‘இதில் எது பட்டாலும் பரவாயில்லை’ என்று பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிந்த உடுப்பு ஒன்று வேண்டும். நல்ல உடுப்பைப் போட்டுவிட்டு ‘பயப்படாதே’ என்று சொன்னால் பிள்ளை நம்பாது. வாசலில் நீங்கள் கவுனைத் தடவிச் சரிசெய்தது அதன் நினைவில் இருக்கும்.

இந்த யோசனை நமக்குப் புதிதில்லை. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது போடும் உடுப்பு கதவுக்குப் பின்னால் தனி ஆணியில் தொங்கும். முழுக்கைச் சட்டை, பழைய கைலி, தலைக்கு ஒரு துண்டு. ரப்பர் பால் துணியில் பட்டு உறைந்துவிட்டால் என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது. கறுத்து, அட்டை மாதிரி விறைத்துவிடும். அந்தச் சட்டையின் முன்பக்கம் முழுக்க அப்படித்தான் இருக்கும். அதில் கறை இருக்கிறதே என்று அம்மா ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, அது வேலை உடுப்பு. ஆயாக் கொட்டகையில் எங்களை விட்டுவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குள் போவார். உங்கள் மகளுக்கும் ஒரு வேலை உடுப்பு வேண்டும். அதைத் தனி ஆணியிலேயே மாட்டுங்கள். வியாழக்கிழமை இரவு அவளே எடுத்துப் பைக்குள் வைக்கட்டும்.

இனி துணிக்கு வருவோம். பருத்தி டீ-சட்டை, அரைக்கை, கழுத்து தாராளமாக, ஒரு அளவு பெரியது. கீழே இடுப்பில் எலாஸ்டிக் வைத்த அரைச் சிலுவார். முதுகுப் பக்கம் பொத்தான், ஜிப், நாடா எதுவும் வேண்டாம். நாலு வயதுப் பிள்ளை தன் உடுப்பைத் தானே கழற்ற வேண்டும். கை முழுக்கச் சாயத்தோடு கழிவறைக்கு அவசரம் வரும்போது, பின்பக்கப் பொத்தானை அவிழ்க்க ஆசிரியைக்காகக் காத்து நிற்பது எவ்வளவு பெரிய துன்பம்! ரோமில் 1907-இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, பொத்தான் போடவும் நாடா கட்டவும் பழகுவதற்கென்றே மரச்சட்டத்தில் துணி பொருத்திய கருவிகளைச் செய்து வைத்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். தன் உடுப்பைத் தானே போட்டுக் கழற்றுவதை அவர் பாடத்தில் சேர்த்தார். பொத்தான் பழக வீட்டில் நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு எலாஸ்டிக் போதும்.

இரண்டு செட் போதும், ஒன்று காயும்போது இன்னொன்று. புதிதாக வாங்க வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் பழைய துணி விற்கும் பண்டல் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. அக்காள் தங்கை வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் கணவரின் பழைய டீ-சட்டையில் கையைக் குட்டையாக வெட்டித் தைத்தால் அதைவிட நல்ல ஏப்ரன் கடையில் கிடைக்காது. பெயரை மார்க்கரில் உள்பக்கம் எழுதிவிடுங்கள். எல்லாப் பிள்ளையும் பச்சையும் நீலமுமாக நிற்கும்போது யார் சட்டை எது என்று தெரியாது.

முழுக்கை வைத்த பிளாஸ்டிக் ஏப்ரன் விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பிள்ளைகள் உடம்பு முழுதும் மூடும் மழை உடுப்பும் ரப்பர் பூட்ஸும் போட்டுச் சேற்றில் குதிக்கும் படங்களைப் பார்த்துத்தான் நம் தாய்மார்கள் இதையெல்லாம் வாங்குகிறார்கள். அங்கே குளிர். நம் ஊரில் மதியம் 32, 33 டிகிரி, போதாததற்குப் புழுக்கம். அந்தப் பிளாஸ்டிக்குக்குள் பத்தே நிமிடத்தில் பிள்ளை நனைந்துவிடும், கழுத்தைச் சுற்றி வேர்க்குரு வரும். கையில்லாத ஏப்ரன் என்றால் சரி. முழங்கை வரை லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி அனுப்புங்கள். பலாப்பழம் அரியும்போது கைக்கு எண்ணெய் பூசுகிறோமே, அதே கணக்குத்தான்: சாயம் தோலில் ஒட்டாமல் கழுவியதும் போய்விடும். உள்ளங்கையில் மட்டும் தடவாதீர்கள், வழுக்கும்.

ஈர உடுப்போடு ஏர்கோன் அறைக்குள் போகக் கூடாது என்று தாடிகாவில் சொல்லிவையுங்கள். பையில் ஒரு மாற்று உடுப்பு, ஒரு துவாலை, அழுக்கைப் போட்டுவர ஒரு பிளாஸ்டிக் பை இருக்கட்டும். வெளியே நிழலில் தண்ணீர் விளையாட்டு என்றால் மெல்லிய முழுச் சிலுவார் போடுங்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது.

நகை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். காப்பு, சலங்கை வைத்த கொலுசு, ஊசியில் குத்திய தாயத்து எல்லாம் அன்று வீட்டில் இருக்கட்டும். சலங்கை மணி கழன்றால் அது நேராக வாய்க்குத்தான் போகும். அரைஞாண் கயிறு இருக்கலாம், அதில் கோத்த தகடுகளை எடுத்துவிடுங்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு வைத்த சட்டையும் வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை நெரித்த விபத்துகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் 1996-இல் குழந்தைகளின் மேல்சட்டைக் கயிறுகளுக்கு வழிகாட்டி நெறி கொண்டுவந்தார்கள்.

அத்தை கேட்ட கேள்வியை நான் மதிக்கிறேன். அவர் காலத்தில் சுத்தமாக அனுப்புவதுதான் பிள்ளைக்கு மரியாதை. தோட்டத்துப் பிள்ளை என்று யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது என்பதற்காகவே தலைவாரிப் பவுடர் போட்டு அனுப்பினார்கள். அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். தேசிய பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டு வழிக் கற்றலைத்தான் சொல்கிறது என்று விளக்கலாம், ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அடுத்த முறை அவர் முறுக்கு மாவு பிசையும்போது ஒரு பிடி மாவை உங்கள் மகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பிசைந்து, உருட்டி, கிள்ளி, அழுத்துகிற அந்த விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகின்றன. அவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நீங்கள் இருக்கும் இடத்தின் கதையையும் அத்தைக்குச் சொல்லுங்கள். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த ஆற்றுக்கூடல் என்று அர்த்தம் சொல்வார்கள். 1881-இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தபின், செங்கல்லால் கட்டு என்று உத்தரவானது. அந்தச் செங்கல்லுக்குக் களிமண் பிசைந்து சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

கேள்வி: பையன் சட்டையில் மஞ்சள் கலந்த மாவுக் கறை. சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது! தூக்கிப் போட்டுவிடவா?
— ஒரு தந்தை, செந்தூல்

பதில்: போடாதீர்கள் ஐயா. மஞ்சளில் சோப்புக் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பது போல. நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும். பிறகு பால்கனியில் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள், வெயில் மஞ்சளைத் தின்றுவிடும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் காலை வெயிலைத் தவற விடாதீர்கள்.

மற்றவை: தண்ணீர்ச் சாயம் என்றால் காய விடாமல் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். களிமண்ணும் சோளமாவும் இதற்கு நேர்மாறு, காயவிட்டு உதறியபின் துவையுங்கள். ஸ்லைம் ஒட்டினால் வினிகர் கரைக்கும். அக்ரிலிக் சாயம் காய்ந்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும், போகாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். சமையல் கலர் பருத்தியிலிருந்து பெரும்பாலும் போய்விடும், பட்டிலும் நைலானிலும் பிடித்துக்கொள்ளும். பட்டுப் பாவாடையோடு மட்டும் இந்த விளையாட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டு வயது. அவன் போகும் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு இல்லத்தில்) சேற்றில் விளையாட விடுகிறார்களாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தாமானில் வீட்டுக்குள் சேறு ஏறியது. அலமாரி, சாமி படம், துணிமணி எல்லாம் போயிற்று. நான்கு நாள் சேற்றை அள்ளினோம். அந்தச் சேற்றில் என் பேரன் கை வைப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?
— ஒரு பாட்டி, கிள்ளான்

பதில்: இல்லை அம்மா. உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. வெள்ளச் சேறு என்பது சாக்கடையும் எண்ணெயும் எலியின் சிறுநீரும் கலந்தது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. அதில் எந்தப் பிள்ளையும் கை வைக்கக் கூடாது.

தாஸ்காவில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மண் எங்கிருந்து வருகிறது? மணல் தொட்டியை இரவில் மூடி வைக்கிறார்களா? விளையாடி முடிந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்கிறார்களா? தேங்கினால் டெங்கிக் கொசு முட்டையிடும். காலில் புண் இருக்கும் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிறார்களா? கை, கால், வாய்ப்புண் நோய் கண்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களா? நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடுப்பு இன்னும் சுலபம். ஒரு சிலுவாரும் கையில்லாத பனியனும் போதும். கை வாய்க்குப் போகும் வயது என்பதால் நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள்.

முடிந்தால் ஒரு காலையில் நீங்களே அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அவன் கையில் இருக்கும் மண்ணை வாங்கி முகர்ந்து பாருங்கள். அந்த டிசம்பர் வாடை அதில் அடித்தால் பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடிக்கவில்லை என்றால், அவனுக்கு ஒரு மண் லட்டு பிடித்துக் கொடுங்கள்.